இரண்டாவது பெட்டியில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்

டி.ஆர்.டி.ஓ.விலும் கடற்படையிலும் ரேடியோ மென்பொருள் தரத்தைக் கையில் வைத்திருக்கும் அதிகாரிகளுக்கு, காரைக்குடியிலிருந்து ஒரு மடல்.

ஐயா, வணக்கம். ஒரு பெட்டிக்கு எழுதிய ரேடியோ மென்பொருள் இன்னொரு பெட்டியிலும் ஓடுமா, குறிப்பாக நீர்மூழ்கியில், என்பது பற்றித்தான் இந்த மடல்.

போன மாதம் முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடையில் ஒரு கதவு வாங்கினேன். இடித்த செட்டிநாட்டு வீட்டிலிருந்து வந்த பர்மா தேக்கு இரட்டைக் கதவு. ஆசாரி தட்டிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், பிறகு தலையைச் சொறிந்தார். "மரம் தங்கம்ணே. ஆனா இது குடுமிக் கதவு. உங்க நிலையில குழி கிடையாது, கீல்தான் போடணும். குடுமியை அறுத்துரவா?" குடுமி என்றால் கதவோடு சேர்ந்த மர முளை; நிலையின் குழியில் அது சுழலும். அதன் பழைய நிலையைக் கடைக்காரர் ஏற்கெனவே வேறு யாருக்கோ விற்றுவிட்டார். வேறு வழியில்லை, அறுக்கச் சொன்னேன்.

ரம்பம் ஓடும்போது என் பழைய வேலைதான் ஞாபகத்துக்கு வந்தது. தகவல்தொடர்புச் சாதனங்களுக்கு மென்பொருள் எழுதிப் பிழைத்தவன் நான். நீர்மூழ்கிக்குள் கால் வைத்ததில்லை. எல்லாம் கரையில் இருக்கும் பெட்டிகள். ஒருமுறை நாங்கள் நம்பியிருந்த பிராசஸரின் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். "சி மொழியில்தானே எழுதியிருக்கிறோம், எங்கே போட்டாலும் ஓடும்" என்றார் மேலாளர். ஓடத்தான் செய்தது. ஆனால் ஒவ்வொரு செய்தியிலும் முதல் இரண்டு மூன்று எழுத்து காணாமல் போனது. மூன்று வாரம் மண்டையை உடைத்த பிறகுதான் பிடிபட்டது. ஒலிபரப்பத் தொடங்குமுன் ரிலே மாறி நிலைகொள்ள வேண்டும். அந்த நேரத்துக்காக யாரோ ஒரு வெற்று லூப்பை எழுதி, சும்மா எண்ண விட்டிருந்தார். பழைய சிப்பில் அதற்குச் சரியான நேரம் பிடித்தது. புதுச் சிப் கண்மூடித் திறப்பதற்குள் எண்ணி முடித்துவிட்டது. அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரே ஒரு குறிப்பு: "தொடாதே." எழுதியவர் எப்போதோ வேலையை விட்டுப் போயிருந்தார்.

கரையிலேயே இந்தப் பாடு. ஐ.என்.எஸ். சங்குஷ் 1986-இல் கடற்படையில் சேர்ந்த நீர்மூழ்கி. இன்டெல் 386 வந்ததே அதற்கு முந்தைய ஆண்டுதான். அந்தக் கப்பலின் ஆயுளை நீட்ட 2023-இல் மும்பை மசகான் கப்பல் கட்டும் தளத்துடன் ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள். உடல் ஒன்று நாற்பது ஆண்டு கடலில் கிடக்கும். அதற்குள் சிப்புகள் எத்தனை தலைமுறை மாறும்? பெட்டி மாறும்போதெல்லாம் மென்பொருளையும் முதலிலிருந்து எழுதினால் கட்டுப்படியாகுமா?

அதுவும் நீர்மூழ்கியோடு பேச வழி ஒன்றல்ல. உப்புத் தண்ணீர் ரேடியோ அலையைக் குடித்துவிடும். 20 கிலோஹெர்ட்ஸ் போன்ற மிகத் தாழ்ந்த அதிர்வெண்ணில்கூட, இரண்டு மீட்டர் இறங்குவதற்குள் அலையின் வீச்சு மூன்றில் ஒன்றாகிவிடும். அதனால்தான் திருநெல்வேலிப் பக்கம் விஜயநாராயணத்தில் கடற்படையின் அவ்வளவு பெரிய ரேடியோ நிலையம், 1990-லிருந்து. அதில் கப்பல் கேட்கத்தான் முடியும், பேச முடியாது. செயற்கைக்கோளோடு பேச ஆன்டெனாவை நீருக்கு மேலே நீட்ட வேண்டும். நீருக்குள்ளேயே பேச ஒலிதான் கதி. ஒலி நொடிக்கு சுமார் 1,500 மீட்டர் போகும். 15 கிலோமீட்டருக்குப் பத்து நொடி, பதில் திரும்ப இன்னொரு பத்து. 'இரண்டு நொடியில் பதில் வராவிட்டால் மறுபடி அனுப்பு' என்று தரையில் எழுதிய நிரலை அப்படியே கொண்டுபோய் வைத்தால், பதில் வந்து சேர்வதற்குள் அது ஒன்பது முறையாவது மறுபடி கத்தித் தீர்த்திருக்கும்.

2025 அக்டோபரில் நீங்கள் ஐ.ஆர்.எஸ்.ஏ. (இந்திய ரேடியோ மென்பொருள் கட்டமைப்பு) தரத்தின் 1.0 பதிப்பை வெளியிட்டபோது எனக்கு உண்மையாகவே சந்தோஷம். வேவ்ஃபார்ம், அதாவது செய்தியை ரேடியோ அலையாக்கும் மென்பொருள், தனி; பெட்டி தனி; நடுவில் இருவரும் ஒப்புக்கொண்ட இடைமுகம். ஆசாரி பாஷையில் சொன்னால், நிலைக்கு அளவு குறித்துவிட்டீர்கள். ஆனால் அளவு குறித்த தாள் குடுமியை அறுக்காது. அமெரிக்கர்கள் எஸ்.சி.ஏ. என்ற ரேடியோ மென்பொருள் தரத்தோடு இதே வழியில் முன்னே போனவர்கள். தரம் நிலைத்தது, ஆனால் அதை நம்பித் தொடங்கிய தரைப்படை வாகன ரேடியோத் திட்டத்தை 2011-இல் கைவிட வேண்டியதாயிற்று.

ஆகவே நான் கேட்பது ஒன்றுதான். தொடர்பு மென்பொருள் வாங்கும் ஒப்பந்தத்தில், கடைசித் தவணையை இரண்டாவது பெட்டியோடு கட்டிப்போடுங்கள். வேறொரு நிறுவனம் செய்த, வேறொரு பிராசஸர் கொண்ட பெட்டி. மூல நிரலை எழுதியவர் அதைத் தொடக் கூடாது; வேறு ஆள் தொகுத்து ஓட்ட வேண்டும். எத்தனை வரி மாற்ற வேண்டியிருந்தது என்ற பட்டியலும் வேண்டும். 'இது போர்ட்டபிள், எந்தப் பெட்டியிலும் ஓடும்' என்ற சான்றிதழை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், அதில் நானே கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.

கூடவே அந்த நிரல் எதையெல்லாம் நம்பி நிற்கிறது என்று எழுதி வாங்குங்கள்: காத்திருக்கும் நேரம், எண்களின் உச்ச அளவு, கடிகாரத்தின் வேகம். 1996 ஜூன் 4 அன்று ஏரியன் 5 ராக்கெட் புறப்பட்ட நாற்பது நொடிக்குள் சிதறியதற்குக் காரணம், ஏரியன் 4-இல் ஒழுங்காக ஓடிய நிரல்தான். புது ராக்கெட்டின் வேகம் பெரிது. அந்த எண் 16 பிட்டுக்குள் அடங்கவில்லை. அடங்கும் என்று பழைய நிரல் நம்பியிருந்ததைப் புது வண்டியில் யாரும் சரிபார்க்கவில்லை.

செலவு கூடும், மறுக்கவில்லை. குறைக்க ஒரு வழி சொல்கிறேன். சங்கேத நிரல், ரகசிய வேவ்ஃபார்ம் எதையும் வெளியே தர வேண்டாம். 2017-இல் நேட்டோ தரமாக்கிய ஜானஸ் என்ற நீரடி ஒலித் தொடர்பு முறை எல்லாருக்கும் திறந்தே கிடக்கிறது. அதை உங்கள் இடைமுகத்துக்கு ஏற்ப ஒருமுறை எழுதி, இரண்டு மாதிரி மின்னணுப் பலகைகளுடன் பொறியியல் கல்லூரிகளுக்குக் கொடுங்கள். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்து மின்வேதியியல் ஆய்வகத்தைக் கொண்டுவந்த ஊர் இது. பிள்ளைகளுக்கு ஆய்வுக்கூடம் புதிதல்ல. உங்கள் தரத்தில் எங்கே ஓட்டை என்று ஒரு செமஸ்டருக்குள் கண்டுபிடித்துக் கொடுப்பார்கள். உடனிருந்து சொல்லிக்கொடுக்க நான் சம்பளம் இல்லாமல் வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மென்பொருள்காரன்,
காரைக்குடி