பச்சை அங்கிப் பெரியோருக்கு, லா கூர்னெவிலிருந்து

பிரெஞ்சு மொழியைப் பார்த்துக்கொள்ளும் பிரெஞ்சு அகாதமியின் உறுப்பினர்களுக்கும் நிரந்தரச் செயலாளர் அமின் மாலூஃப் அவர்களுக்கும் வணக்கம்.

வியாழக்கிழமைகளில் நீங்கள் கூடி அகராதி வேலை பார்ப்பீர்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். என் வியாழக்கிழமைகள் ஓர் உணவகத்தின் குசினியில் போகின்றன. குசினி எங்கள் யாழ்ப்பாணத்துச் சொல், போர்த்துக்கேயர் விட்டுப்போனது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் முதலாளி உள்ளே கைகாட்டி 'குசீன்' என்றார். பிரெஞ்சில் நான் யாரையும் கேட்காமல் விளங்கிக்கொண்ட முதல் சொல் அதுதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 2024 ஜூலை 26 மாலை, பாரிஸ் ஒலிம்பிக் தொடக்க விழா. உங்கள் கட்டடத்தின் வாசலில் இருந்து பொன்னிற உடையில் பாடகி அயா நகமுரா வெளியே வந்தார். முன்னால் இருக்கும் போன் தெஸார் பாலத்தில் குடியரசுக் காவல்படையின் வாத்தியக் குழுவோடு பாடினார். சீருடை போட்ட அந்தப் படைவீரர்களும் கூட ஆடினார்கள். என் மகள் சோபாவில் ஏறி நின்று கத்தினாள். பாடகி வளர்ந்த ஓல்னே சூ புவாவும் எங்கள் லா கூர்னெவும் பாரிஸ் புறநகரில் ஒரே 93ஆம் மாவட்டம். எனக்கு அந்தப் பாட்டு பிடிக்காது. இப்போதும் பிடிக்காது. ஆனால் அன்று வாயைத் திறக்கவில்லை.

காரணம், அதற்கு நாலு மாதம் முன்பு நடந்தது. அவர் அந்த விழாவில் பாடக்கூடும் என்ற செய்தி கசிந்ததுமே, ஒரு சிறு கும்பல் சேன் நதிக்கரையில் பதாகை பிடித்தது: இது பாரிஸ், பமாகோச் சந்தை அல்ல என்று. அவர் மாலி நாட்டின் தலைநகர் பமாகோவில் பிறந்தவராம், அதுதான் குற்றம். தீவிர வலதுசாரித் தலைவி மரின் லெ பென் வானொலியில் வந்து, அவர் பாடுவது பிரெஞ்சே அல்ல என்றார். அந்த வசனம்தான் இந்த மடலை எழுத வைத்தது. ஒன்று பிரெஞ்சா இல்லையா என்று சொல்வது உங்கள் வேலை என்றல்லவா நாங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

அன்று பாலத்தில் அவர் தன் பாட்டுகளுக்கு நடுவில் பழைய பாடகர் ஷார்ல் அஸ்னவூரின் ஒரு பாட்டையும் கோர்த்துப் பாடினார். பாதி ஆங்கிலம் கலந்த பாட்டு அது. அஸ்னவூர் ஆர்மேனிய அகதிகளின் பிள்ளை. 2018இல் அவர் இறந்தபோது அரசு இன்வலீட் மாளிகை முற்றத்தில் மரியாதை செய்தது. இன்று அவரைப் பிரெஞ்சுக்காரர் இல்லை என்று சொல்ல ஆள் கிடையாது. இன்னொன்று: நகமுராவின் 'ஜாஜா' பாட்டில் 'கத்தேன்' என்று ஒரு சொல் வருகிறது, வேசி என்று அர்த்தம். ஏதோ புறநகர்ப் பொடியள் பேச்சு என்று நினைத்தேன். தேடிப் பார்த்தால் பழைய பிரெஞ்சு நூல்களில் கிடக்கிற சொல்! மகள் அதைப் பாட்டில் படித்தாள். நான் அவளிடம் படித்தேன்.

உங்கள் மண்டபம் பூட்டிக் கிடக்கிறது என்று சொல்ல மாட்டேன். செனகலின் கவிஞர் செங்கோர் 1983இல் உறுப்பினராகத் தேர்வானார், ஹைட்டியில் பிறந்த எழுத்தாளர் தனி லாஃபெரியேர் 2013இல். மாலூஃப் ஐயாவே லெபனானில் பிறந்தவர். ஆக, வெளியில் இருந்து வந்தவரும் உள்ளே வரலாம், ஆயுள் முழுக்க நல்ல பிரெஞ்சு எழுதிவிட்டு. பிள்ளைகளுக்கு அவ்வளவு பொறுமை இல்லை. உங்கள் அகராதியின் எட்டாம் பதிப்பு 1935இல் முடிந்தது, ஒன்பதாவது முடிய 2024 ஆயிற்று.

ஆங்கிலப் பாட்டு நாட்டை விழுங்கிவிடும் என்ற பயத்தில் 1994இல் சட்டம் போட்டார்கள். 1996 முதல் வானொலிகள் போடும் பாட்டுகளில் 40 சதவீதம் பிரெஞ்சில் இருக்கவேண்டும், அதில் பாதி புதியவர்களுடையதாகவோ புது வெளியீடுகளாகவோ. அந்த இடத்தை நிரப்ப வந்தவர்களில் பெரும் பங்கு யார்? ராப் பாடிய புறநகர்ப் பிள்ளைகள். ஸ்கைராக் வானொலி முழுக்க அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. மொழிக்கு வேலி போட்டவர்கள் எதிர்பார்த்த பயிர் அதுவாக இருந்திருக்காது. ஆனால் விளைந்தது பிரெஞ்சில்தான்.

2008இல் பிரெத்தோன், ஒக்சித்தான் போன்ற வட்டார மொழிகளை அரசியலமைப்பில் குறிப்பிடப்போகிறார்கள் என்றதும், அது தேசிய அடையாளத்தைக் காயப்படுத்தும் என்று நீங்கள் ஒருமனதாக அறிக்கை விட்டீர்கள். பிறகு 75-1ஆம் பிரிவாக அது சேர்ந்தும் விட்டது. அடையாளம் அப்படியேதான் இருக்கிறது, நானும் தினமும் ஆர்.இ.ஆர். ரயிலில் பார்க்கிறேனே.

உங்களைக் குறை சொல்ல எனக்குத் தகுதி குறைவு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். எங்கள் வீட்டு அகாதமி நான்தான். போன கிழமை மகள் பள்ளியால் வந்து பையைப் போட்டுவிட்டு, "அப்பா, நான் த்ரோ ஃபத்திகே" என்றாள். "களைப்பாய் இருக்கு என்று சொல்லு" என்றேன். "உங்களுக்கு விளங்கினதுதானே?" என்று கேட்டுவிட்டு அறைக்குள் போய்விட்டாள். அவள் பேசுவது மோசமான தமிழ். ஆனால் அது தமிழே இல்லை என்று வெளியாள் யாராவது சொன்னால் சண்டைக்குப் போவேன்.

நான் கேட்பதும் அவ்வளவுதான். 'ஜாஜா' உங்களுக்குப் பிடிக்காவிட்டால் மோசமான பிரெஞ்சு என்று எழுதுங்கள், இலக்கணப் பிழைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுங்கள். அடுத்தமுறை யாராவது ஒலிவாங்கி முன்னால் அது பிரெஞ்சே அல்ல என்றால் மட்டும், அது பிரெஞ்சுதான் என்று ஒரு வரி சொல்லிவிடுங்கள். 2026 ஜனவரி முதல் குடியுரிமைக்கு மொழியில் பி2 நிலை கேட்கிறார்கள், முன்பு பி1 போதும். என் மனைவி அதற்குத்தான் படித்துக்கொண்டிருக்கிறாள். வீட்டில் அவளுக்கு வாத்தியார் மகள். பிறகு யாரும் வந்து அவள் படித்தது பிரெஞ்சு இல்லை என்று சொல்லக்கூடாது.

என் பிரெஞ்சு குசினிக்குப் போதும், உங்களுக்கு எழுதப் போதாது. அதனால் இதைத் தமிழில் எழுதுகிறேன். பிரெஞ்சில் மாற்றித் தரப்போவது மகள். 93ஆம் மாவட்டத்துச் சொல் ஏதும் அதில் வந்திருந்தால், திருத்தாமல் வாசியுங்கள்.