காசு கொடுத்து மண் ரோட்டில்

மியூனிக்
அக்டோபர் 14

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. அதைப் பையில் வைத்துக்கொண்டேதான் இத்தாலிக்குப் போனேன். மகளுக்கு வரன் அமைந்தது பெரிய நிம்மதி. தையில் கல்யாணம் என்றால் கட்டாயம் வருவேன், ஆபீஸில் இப்போதே லீவு சொல்லிவிட்டேன். முழங்காலுக்கு மாத்திரையை மட்டும் நம்பிக்கொண்டிருக்காதே. ஒரு நல்ல பிசியோதெரபிஸ்ட்டைப் பார்.

கடைசி வரியில் ஒரு கேள்வி போட்டு என்னை மாட்டிவிட்டாய். "நம் ஊருக்குத் தார் ரோடு கேட்டு உங்கப்பா பத்து வருஷம் மனு எழுதினார். நீ காசு கொடுத்து மண் ரோட்டில் சைக்கிள் ஓட்டப் போகிறாயா?" படித்ததும் சிரிப்புதான் வந்தது. ஆனால் நான்கு நாளும் அந்தக் கேள்வி கூடவே வந்தது.

இடத்தை முதலில் சொல்கிறேன். டஸ்கனியில் ஃப்ளாரன்ஸுக்கும் சியேனாவுக்கும் நடுவில் இருக்கும் மலைநாடு, கியாந்தி. அங்கே கையோலே என்ற சின்ன ஊரில் கிளம்பி, தெற்கே மொன்தால்சீனோ வரை போய், அதே கையோலேக்குத் திரும்பும் 209 கிலோமீட்டர் சுற்று. வழியெல்லாம் அம்புக்குறிப் பலகை உண்டு. பாதிக்கு மேல் சரளை ரோடு. ஏற்றங்களை எல்லாம் கூட்டினால் 3,700 மீட்டரைத் தாண்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு இரண்டு முறை ஏறுவதாக வைத்துக்கொள். கால் உரம் உள்ளவர்கள் ஒரே நாளில் முடிக்கிறார்கள். எனக்கு நான்கு நாள் பிடித்தது.

வெள்ளைச் சாலைகள் என்றுதான் அங்கே சொல்கிறார்கள், ஸ்த்ராதே பியாங்கே. பெயருக்கேற்ற வெள்ளை. மத்தியான வெயிலில் கண் கூசும். இரண்டு சக்கரத் தடம் மட்டும் இறுகிக் கிடக்கும். நடுவிலும் ஓரத்திலும் உதிரிக் கல். தடத்தை விட்டு விலகினால் முன்சக்கரம் தன் இஷ்டத்துக்குப் போகும். 40 மில்லிமீட்டர் டயர், அதிலும் காற்றைக் கொஞ்சம் குறைத்து வைக்க வேண்டும். இறுக்கமாக அடித்தால் பல் எல்லாம் ஆடிவிடும். வண்டியே வராது என்று சொல்ல முடியாது. மணிக்கு ஒன்றிரண்டு டிராக்டரோ காரோ வரும். ஆனால் வளைவுக்கு அப்பால் எழும் வெள்ளைப் புழுதியே முன்கூட்டிச் சொல்லிவிடும். ஓரமாக நின்று வாயை மூடிக்கொண்டால் போதும்.

முதல் நாளே புரோலியோ கோட்டை. ரிக்காசோலி குடும்பம் 1141இலிருந்து வைத்திருக்கும் கோட்டை அது. இத்தாலிக்கு இரண்டு முறை பிரதமராக இருந்த பெத்தீனோ ரிக்காசோலி இந்த வீட்டுக்காரர்தான். 1872இல் பீசா நகரப் பேராசிரியர் ஒருவருக்கு அவர் எழுதிய கடிதத்தில்தான் கியாந்தி ஒயினுக்கு எந்தெந்தத் திராட்சை என்ற பக்குவம் இருக்கிறதாம். மணத்துக்கும் திடத்துக்கும் சாஞ்சோவேசே, அதைத் தணிக்கக் கனாயோலோ. நாமும் முப்பது வருஷமாக எழுதிக்கொள்கிறோம், ஒரு ரசப்பொடி அளவுகூட அதில் இல்லை.

நான் போன சமயம் அறுவடை. தோட்டத்தில் ஒரு பெரியவர் கூப்பிட்டு ஒரு கொத்தை வெட்டிக் கொடுத்தார். சின்னப் பழம், தடித்த தோல், வாயெல்லாம் விதை. நம் கம்பம் பன்னீர் திராட்சை மாதிரி நினைத்துக் கடித்தால் ஏமாந்துபோவாய்.

அங்கத்து ஒயின் பாட்டிலின் கழுத்தில் கருப்புச் சேவல் படம் இருக்கும். அதற்கு ஒரு கதை. ஃப்ளாரன்ஸுக்கும் சியேனாவுக்கும் ஓயாத எல்லைச் சண்டை. விடியலில் சேவல் கூவியதும் இரண்டு ஊரிலிருந்தும் ஒவ்வொரு குதிரைவீரன் கிளம்புவது, சந்திக்கும் இடமே எல்லை என்று முடிவாயிற்று. சியேனாக்காரர்கள் வெள்ளைச் சேவலுக்குத் தின்னத் தின்னத் தீனி போட்டார்கள். ஃப்ளாரன்ஸ்காரர்கள் கருப்புச் சேவலைப் பட்டினி போட்டார்கள். பசியில் அது விடியுமுன்னே கூவிவிட்டது. சியேனா ஆள் கொஞ்ச தூரம் வருவதற்குள், ஃபோந்தெரூத்தோலியில் எதிராளி வந்து நின்றான். கியாந்தி முழுக்க ஃப்ளாரன்ஸுக்குப் போயிற்று. கதைதான், ஆனால் சியேனாக்காரர்களிடம் சிரித்துக்கொண்டு சொல்லிவிடாதே.

ஊர்களெல்லாம் மலை முகட்டில், மதில் சுவருக்குள். பார்க்க அழகு, மிதிப்பவனுக்குச் சாபம். ஒவ்வொரு நாளும் சாப்பாடும் படுக்கையும் கடைசி ஏற்றத்தின் உச்சியில்தான். மொன்தால்சீனோவுக்கு ஏறும்போது இரண்டு முறை இறங்கித் தள்ளினேன். 1555இல் சியேனா வீழ்ந்த பிறகு, அதன் குடியரசுக்காரர்கள் இந்த ஊரில் இன்னும் நான்கு வருஷம் தாக்குப்பிடித்தார்கள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறியவனுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாம் நாள் காலையில் மழை. சியேனாவுக்குத் தெற்கே மண்ணே வேறு, சாம்பல் நிறக் களிமண். நம் கரிசல் மாதிரியே. பத்து நிமிஷத்தில் சக்கரத்துக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் அப்பிக்கொண்டு சைக்கிள் நின்றேவிட்டது. குச்சியால் சுரண்டினேன். உங்கள் தாத்தாவின் மாட்டுவண்டிச் சக்கரத்தை நாம் சுரண்டியது ஞாபகம் வந்தது. மறுநாள் மொன்தே சான்தே மரியே என்ற 11.5 கிலோமீட்டர் சரளைத் துண்டு. சுவிஸ் சைக்கிள் வீரர் ஃபாபியான் கன்செல்லாரா 2008, 2012, 2016 என்று மூன்று முறை, இந்த வெள்ளைச் சாலைகளில் ஓடி சியேனாவில் முடியும் சைக்கிள் பந்தயத்தை ஜெயித்ததால் அந்தத் துண்டுக்கு அவர் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். இறக்கத்தில் முன் பிரேக்கை அழுத்திப் பிடித்து நான் முழங்கையைத் தேய்த்துக்கொண்டதும் அங்கேதான். என் பெயரை யாரும் வைக்கவில்லை.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். இத்தனை மண் ரோடு அங்கே ஏன் மிச்சமிருக்கிறது? அந்த நிலமெல்லாம் வாரக் குத்தகைக்கு விடப்பட்டது. மெட்சாத்ரியா என்பார்கள், மெட்சோ என்றால் பாதி. விளைச்சலில் பாதி நிலக்காரருக்கு, பாதி உழுதவனுக்கு. ஒவ்வொரு பண்ணைக்கும் குன்றின் மேல் ஒரு கல் வீடு, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வண்டிப்பாதை. இரண்டாம் உலகப்போர் முடிந்தபின் அந்தக் குடும்பங்கள் சாரை சாரையாக நகரத்துத் தொழிற்சாலைகளுக்குப் போய்விட்டன. 1964இல் புதிதாக வாரக் குத்தகை ஒப்பந்தம் போடக்கூடாது என்று சட்டமும் வந்தது. வீடுகள் காலி. தார் கேட்டு மனு எழுத ஆள் இல்லை. நான் "ஆஹா" என்று நின்று படம் எடுத்த பாதையெல்லாம் ஜனங்கள் விட்டுப்போன பாதை.

மிச்சமிருந்ததற்கும் தார் வரத்தான் செய்தது. அதைத் தடுக்க நினைத்தவர் ஜான்கார்லோ புரோச்சி. 1997இல் கையோலேயில் லெரோய்கா என்ற சைக்கிள் பயணத்தைத் தொடங்கினார். முதல் முறை 92 பேர். இப்போது ஆயிரக்கணக்கில் வருகிறார்கள். 1987க்கு முந்தைய பாணி ரேஸ் சைக்கிளில்தான் வர வேண்டும், கியர் நெம்புகோல் ஃபிரேமில் இருக்க வேண்டும், பழைய பாணி உடுப்பு வேறு. நான் அந்தக் கூட்டத்துக்கு முந்தின வாரமே ஓட்டிவிட்டு வந்துவிட்டேன்.

புரோச்சி செய்ததும் சரிதான், அப்பா செய்ததும் சரிதான். நான் தங்கிய ஒவ்வொரு ஊருக்கும் நல்ல தார் ரோடு ஒன்று போகிறது. பிரசவத்துக்கு யாரும் சரளையில் குலுங்கிக்கொண்டு போவதில்லை. அந்த ஒன்று இருப்பதால்தான் மற்றதை அழகு என்று விட்டுவைக்க முடிகிறது. நம் ஊருக்கு அந்த ஒன்றே இல்லை. உன் கையெழுத்து அழகு என்று அப்பா அந்த மனுக்களை உன்னிடம்தானே எழுதச் சொல்வார்? கார்பன் நகல் ஏதாவது பரணில் கிடக்கிறதா பார். கல்யாணத்துக்கு வரும்போது பார்க்க ஆசை.

அப்புறம், கருப்புச் சேவல் பாட்டில் ஒன்று உனக்காக வாங்கி வைத்திருக்கிறேன். கல்யாண வீட்டில், தங்கச்சி கண்ணில் படாமல் அதை எப்படிக் கைமாற்றுவது என்று நீயே யோசித்து எழுது.

உன்
கடைசி பெஞ்சு மாப்ளே