குறை முகத்தில் இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். ‘எனக்கு போட்டோவே நல்லா வராது’ என்று கேமராவைக் கண்டதும் ஒதுங்கும் பெண்கள் ஏராளம். வெளியில் எடுக்கும் படம் கெடுவதற்குப் பெரும்பாலும் காரணம் அவர்கள் முகம் அல்ல. வெயிலும், எடுப்பவர் நின்ற தூரமும்தான்.

உச்சி வெயில் நேர்மேலிருந்து இறங்குவதால் கண்குழிகள் இருண்டுவிடும், மூக்கின் நிழல் உதட்டுக்கு மேல் மீசைபோல விழும். சரியென்று மரத்தடிக்கு அழைத்துப் போனால், இலையிடுக்கில் நுழையும் வெயில் முகத்தில் திட்டுத்திட்டாகப் படியும். தோலில் பச்சையும் ஏறும். கட்டட நிழல் இதைவிட எவ்வளவோ மேல். அதிலும் ஆழத்துக்குப் போய்விடாமல், நிழலின் ஓரத்திலிருந்து இரண்டடி உள்ளே, திறந்த வானத்தைப் பார்த்தபடி நிறுத்த வேண்டும். இடம் சரியா என்று அறிய உங்கள் உள்ளங்கையே போதும். முகத்தளவில் உயர்த்திப் பிடித்து, நின்ற இடத்திலேயே மெல்லச் சுற்றுங்கள். ஒரு பக்கம் திரும்பும்போது ரேகைகள் கோடு கிழித்ததுபோல் தெரியும். இன்னொரு பக்கம் அவை மங்கி, கை முழுவதும் ஒரே சீராக வெளிச்சம் பரவும். அந்தப் பக்கம் பார்த்து அவர் நிற்கட்டும். கருவிழியில் வானம் வெள்ளைப் புள்ளியாக மின்னினால் இடம் அமைந்துவிட்டது.

அடுத்தது தூரம். அரை மீட்டரில் செல்போனை நீட்டினால் மூக்கு புடைத்து, காதுகள் பின்னுக்குப் போய்விடும். இரண்டு மீட்டர் விலகி நின்று 2எக்ஸ் அல்லது 3எக்ஸ் ஜூம் வைத்து எடுங்கள். ஒளியைப் பதியும் சென்சார் பெரிதாக உள்ள ஃபுல் ஃப்ரேம் கேமராவில் 85 மி.மீ., அது சற்றுச் சிறிதாக உள்ள ஏபிஎஸ்-சி கேமராவில் 50 மி.மீ. லென்ஸ் இதற்குத் தோது. பின்னணி கரைய வேண்டும் என்ற ஆசையில் லென்ஸின் துவாரத்தை எஃப்/1.4 என்று அகலத் திறந்து வைத்தால், முகம் சற்றே திரும்பியிருந்தாலும் ஒரு கண் கூர்மையாகவும் மற்றது மங்கலாகவும் வந்துவிடும். துவாரம் அதைவிடச் சுருங்கிய எஃப்/2.8 போதும். காற்றில் முடி பறந்தால் ஷட்டர் வேகம் 1/250 நொடியைவிட மெதுவாக வேண்டாம்.

முகம் மட்டுமென்றால் கேமரா கண்மட்டத்தில் இருக்கட்டும். முழு உருவத்துக்கு இடுப்பளவுக்கு இறக்குங்கள். நின்றபடியே எடுத்தால் கால்கள் குட்டையாகிவிடும். தாடையைத் தூக்கச் சொல்லாதீர்கள். சற்று முன்னே நீட்டி, ஒரு நூலளவு தாழ்த்தச் சொல்லுங்கள். கழுத்து மடிப்பு மறையும். பக்கவாட்டில் பார்க்க விநோதமாகத்தான் இருக்கும், நேரே படத்தில் தெரியாது. கை உடம்போடு ஒட்டியிருந்தால் புஜம் அகலமாகத் தெரியும். இரண்டு விரல் இடைவெளி விட்டாலே சரியாகும்.

மாநிறத்தையும் கறுப்பையும் பியூட்டி ஃபில்டர் வெளுப்பாக்கிவிடுகிறது. தயவுசெய்து அதை அணைத்துவிடுங்கள். பின்னால் வெளிச்சமான வானம் இருந்தால் கேமரா ஏமாந்து முகத்தை இருட்டாக்கும், எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, +0.7 முதல் +1 வரை ஏற்றினால் நிறம் தெளியும். கறுத்த முகமே படச்சட்டத்தை நிறைத்தாலோ நேர்மாறு: கேமரா அதைச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும், அப்போது எக்ஸ்போஷரை அரை ஸ்டாப், அதாவது -0.5, இறக்க வேண்டும். நெற்றியும் மூக்கும் பளபளத்தால் டிஷ்யூ தாளால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம்.

எடுத்த கையோடு படத்தைப் பெரிதாக்கி, கண்கள் கூர்மையாக இருக்கின்றனவா என்று பாருங்கள். அவரிடமும் காட்டுங்கள். பிடிக்கவில்லை என்றால் வெளிச்சம் மாறுவதற்குள் இன்னொன்று எடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
வாசகர்