பேட்டர்னை அடுப்பில் போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொங்கு நாட்டுக் கிணற்றுப் பாசனம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மாடு கட்டி இறைக்கும் கவலை ஏற்றத்தையும் கரண்ட் மோட்டாரையும் விரிவாக எழுதியிருந்தீர்கள். நடுவில் வந்த ஆயில் எஞ்சினுக்கு ஒரே ஒரு வரிதான். நீலகிரியின் பைக்காரா நீர்மின்சாரம் 1930களிலேயே கோவைக்கு வந்துவிட்டது என்றாலும், லைன் எட்டாத தோட்டங்களில் அதற்கப்புறமும் பல வருஷம் தண்ணீர் இறைத்தது அந்த எஞ்சின்தான். அந்த எஞ்சினுக்காகவும், அதன் பாகங்களை வார்க்க மணலில் அச்சுப் பதிக்கும் பேட்டர்ன் என்ற மர மாதிரிகளுக்காகவும்தான் இந்தக் கடிதம்.

நான் கோவை கணபதியில் ஒரு பம்பு பட்டறையில் டர்னராக, அதாவது லேத்தில் இரும்பைக் கடைபவனாக, இருந்து ஓய்வு பெற்றவன். வீட்டுப் பின்கட்டில் சின்ன லேத் ஒன்று போட்டு, பழைய எஞ்சின்களைச் சிறு அளவில் செய்து வருகிறேன். மாதத்தில் ஒரு ஞாயிறு, இதே கிறுக்குப் பிடித்த ஐந்தாறு பேர் காங்கயம் பக்கம் ஒரு நண்பரின் தோட்டத்துச் சாளையில் (தோட்ட வீட்டில்) கூடுவோம். மேட்டுப்பாளையத்திலிருந்து வரும் ஆசிரியர் ஒருவர் ஊட்டி மலை ரயிலைச் செய்கிறார். தண்டவாளங்களுக்கு இடையே ஒரு மீட்டர் உள்ள அந்த மீட்டர் கேஜ் பாதையை 45 மில்லிமீட்டருக்குச் சுருக்கி, நடுவில் பல்சக்கரத் தண்டவாளம் வைத்து, பல் பல்லாக அரத்தால் ராவுகிறார். தோட்டக்கார நண்பருக்கு மாடலில் ஆசை கிடையாது. அவருக்கு நிஜ எஞ்சின்தான் வேண்டும். அவருடைய அப்பாரு (தாத்தா) வாங்கிப் போட்ட லிஸ்டர் ரக டீசல் எஞ்சின், ஐந்து குதிரைச் சக்தி, நிமிஷத்துக்கு 600 சுற்று, இரண்டு பக்கமும் ஓட்டத்தைச் சீராக்கும் பெரிய பிளைவீல் சக்கரம். பல வருஷம் சுவரோரம் கிடந்ததை இறக்கித் துடைத்து வைத்திருந்தார்.

அதை அளவெடுக்கத்தான் முதலில் போனேன். சிலிண்டரின் குறுக்களவான போர் நாலரை அங்குலம், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமான ஸ்ட்ரோக் ஐந்தரை அங்குலம். ஆறில் ஒரு பங்காகச் செய்தால் போர் முக்கால் அங்குலம் என்று கணக்குச் சுத்தமாக வந்தது. ஆனால் எல்லாம் அப்படிச் சுருங்காது. நீளம் ஆறில் ஒரு பங்கானால் எடை 216இல் ஒரு பங்காகும். பிளைவீல் சுழற்சியைத் தாங்கிப் பிடிக்கும் திறனோ 7,776இல் ஒரு பங்காகிவிடும். அதனால் பெரிய எஞ்சினின் அந்த நிதானமான ‘டுக்... டுக்...’ மாடலில் வரவே வராது. டீசலில் ஓட்டவும் முடியவில்லை. சிலிண்டர் அவ்வளவு சிறிதாகும்போது, டீசலைப் பற்றவைக்க வேண்டிய, அமுக்கிய காற்றின் சூட்டைச் சுவரே குடித்துவிடுகிறது. என் மாடல் கம்ப்ரஸர் காற்றில்தான் ஓடுகிறது.

இனித்தான் விஷயத்துக்கு வருகிறேன். நான் அளவெடுத்த பிறகு, நண்பரின் எஞ்சினில் வால்வை அசைக்கும் கையைத் தாங்கும் ராக்கர் பிராக்கெட் உடைந்துவிட்டது. வார்ப்பிரும்பு. பற்றவைத்துப் பார்த்தோம், மறுபடி விரிசல் விட்டது. ஒரு காலத்தில் இதே ரக எஞ்சினுக்குப் பாகங்கள் வார்த்த ஃபவுண்டரி (வார்ப்பாலை) ஒன்றைத் தேடிப் போனோம். அங்கிருந்த, மணலில் அச்சு எடுக்கும் வயதான மோல்டர், “அந்தப் பேட்டர்ன் போன வருஷம் வரைக்கும் பரண்மேல இருந்துச்சுங்க. இடத்தை அடைச்சுக்குதுன்னு எல்லாத்தையும் டீக்கடை அடுப்புக்குக் குடுத்துட்டாங்க” என்றார். இரண்டு வண்டி மரமாம். நண்பர் அங்கேயே திண்ணையில் உட்கார்ந்துவிட்டார்.

பேட்டர்ன் என்றால் வெறும் மரக்கட்டை என்று நினைப்பவர்களுக்குச் சொல்கிறேன். இரும்பு ஆறும்போது மீட்டருக்குச் சுமார் 10 மில்லிமீட்டர் சுருங்கும். அதற்கென்றே கோடுகளைக் கொஞ்சம் தள்ளித் தள்ளிப் போட்ட ஸ்கேலை வைத்துத்தான் பேட்டர்ன் ஆசாரி மரத்தை அளப்பார். லேத்தில் கடைசலுக்கு எவ்வளவு கூடுதல், மணல் கலையாமல் உருவி எடுக்க எவ்வளவு சரிவு, உள்ளே பொள்ளலுக்கான மணல் கட்டியைச் செய்யும் கோர் பாக்ஸ் எப்படி என்று ஒரு மனிதரின் ஆயுள் அனுபவம் அந்தத் தேக்குக் கட்டையில் இருக்கிறது. வரைபடம் தொலைந்துபோன எஞ்சினுக்குப் பேட்டர்ன்தான் வரைபடம். எஞ்சின் பழைய இரும்புக்குப் போனால் ஒன்று போனது. பேட்டர்ன் எரிந்தால் இனி அதில் வார்க்கக்கூடிய அத்தனையும் போனது.

எங்களைக் காப்பாற்றியது என் மாடல்தான். பிராக்கெட் உடைவதற்கு முன்பே எடுத்த அளவுகள் என் நோட்டில் இருந்தன. மாடலின் சின்னஞ்சிறு பாகத்துக்காகப் போட்ட வரைபடத்தை ஆறு மடங்காக்கி, சுருக்கத்துக்கும் கடைசலுக்கும் சேர்த்து, மூன்று வாரம் தேக்கில் செதுக்கினேன். தெரிந்த ஃபவுண்டரியில் அன்று கடைசியாக உருக்கிய இரும்பில் ஊற்றித் தந்தார்கள். காசு வாங்கவில்லை. மாட்டிய அன்று, வால்வைத் தூக்கிப் பிடித்தபடி நண்பர் ஹேண்டிலைச் சுற்றினார். கட்டைவிரலை மற்ற விரல்களோடு சேர்த்து வைத்துச் சுற்ற வேண்டும், எதிரடி அடித்தால் கை தப்பும். அவருடைய அப்பாரு சொல்லிக் கொடுத்தது. நான்காவது சுற்றில் வால்வை விட்டதும் எஞ்சின் ஓடத் தொடங்கியது. பக்கத்துத் தோட்டத்து அம்மா ஒருவர் வேலியோரம் வந்து நின்று, “ஏனுங்க, எங்க ஐயன் காலத்துச் சத்தமாட்ட இருக்குதுங்க” என்றார். இதை எழுதும்போதும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

உங்கள் கட்டுரையாளர், பழைய எஞ்சின்களுக்கு வெள்ளி பெயின்ட் அடித்துக் கல்லூரி வாசல்களில் வைக்கலாம் என்று சொல்லியிருந்தார். நல்ல எண்ணம்தான், எனக்கு ஒப்புதல் இல்லை. திறந்த வெளியில் வைத்தால் புகைக்குழாய் வழியே மழைநீர் இறங்கி, பிஸ்டன் துருவேறிப் பிடித்துக்கொள்ளும். கூரையடியில் வையுங்கள், மாதம் ஒருமுறையாவது எண்ணெய் விட்டுக் கையால் சுற்றுங்கள்.

அவினாசி ரோட்டில் பழைய கார்களுக்கென்றே ஜீடி கார் மியூசியம் இருக்கிறது. குழந்தைகள் கூட்டம் கூட்டமாகப் பார்க்கிறார்கள். பம்புக்கும் மோட்டாருக்கும் பேர்போன இந்த ஊரில் மரப் பேட்டர்ன்களுக்கும் ஓர் அறை வேண்டும். அதைத் தொழில் அமைப்புகளும் கல்லூரிகளும் மனது வைத்தால் செய்யலாம். அதுவரை ஃபவுண்டரி முதலாளிகளுக்கு உங்கள் பத்திரிகை வழியாக ஒரு வேண்டுகோள்: பரணைக் காலி செய்வதற்கு முன், எங்களைப் போல யாருக்காவது ஒரு வார்த்தை சொல்லுங்கள். பேட்டர்னை எங்களுக்குத் தரக்கூட வேண்டாம். ஒரு ஞாயிறு வந்து, அங்கேயே உட்கார்ந்து அளவெடுத்துக்கொண்டு போகிறோம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற டர்னர்,
கணபதி, கோவை.