எம்.ஏ. வரலாறு: ஆய்வேட்டுக்குக் காலம் ஒதுக்குக

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முதுகலைச் சேர்க்கை நடைபெறும் இவ்வேளையில், எம்.ஏ. வரலாற்றுப் படிப்பின் ஆய்வேடு குறித்து, அப்பாடத்தை இருபத்தைந்து ஆண்டுகள் கற்பித்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

நான்கு பருவங்கள் கொண்ட இப்படிப்பில், நான் கற்பித்த பாடத்திட்டங்களில், ஆய்வேடு கடைசிப் பருவத்தில்தான் வந்தது. மற்றத் தேர்வுகளுக்கு நடுவே அதற்குக் கிடைப்பது மூன்று மாதங்கூட இல்லை. முன்பு இக்குறை பெரிதாகத் தெரியவில்லை, எம்.ஏ. முடித்தவர் எம்.ஃபில். சேர்ந்து, மூல ஆவணங்களைத் தேடவும் ஒப்பிடவும் அடிக்குறிப்பு எழுதவும் பழகிய பிறகே முனைவர் பட்ட ஆய்வுக்குச் செல்வது வழக்கமாக இருந்தது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிமுறைகள் எம்.ஃபில். பட்டத்தை நிறுத்திவிட்டன. இப்போது முதுகலையில் 55 சதவீத மதிப்பெண்ணும் (இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 5 சதவீதத் தளர்வு உண்டு) நுழைவுத் தேர்வில் தேர்ச்சியும் பெற்றவர் நேர்காணல் முடிந்ததும் நேரே முனைவர் பட்ட ஆய்வாளராகிறார். எம்.ஃபில். அளித்து வந்த பயிற்சியை இனி எம்.ஏ. படிப்புத்தான் அளித்தாக வேண்டும்.

நடப்பதோ வேறு. வாய்மொழித் தேர்வுக்கு நான் சென்ற ஒரு கல்லூரியில், முகப்பில் ஒரு வட்டத்தின் பெயரும் மூன்றாம் இயலில் வேறொரு வட்டத்தின் பெயருமாக ஓர் ஆய்வேடு பைண்டு செய்யப்பட்டு என் முன் வைக்கப்பட்டிருந்தது. மாணவரை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் ஓர் ஆவணத்தைக்கூடக் கையில் எடுத்துப் பார்த்ததில்லை, பார்க்க யாரும் அழைத்துச் சென்றதுமில்லை.

அழைத்துச் சென்றால் என்ன நிகழும் என்பதையும் கண்டிருக்கிறேன். தமிழ்வழியில் படித்த மாணவி ஒருவர், தம் ஊர்க் கண்மாயைப் பற்றி எழுத எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கு என்னுடன் வந்தார். ஆவணக் கட்டைப் பிரித்ததுமே தாளின் ஓரம் பொடியாக உதிர்ந்தது. ஆங்கிலேயர் கால வருவாய் வாரிய நடவடிக்கைக் குறிப்புகளின் ஆங்கிலத்தோடு இரண்டு நாள் திணறியவர், மூன்றாம் நாள் 'காலிங்குலா' என்ற சொல்லில் விரலை வைத்து, "ஐயா, இது எங்க ஊர்க் கலிங்குதானே?" என்றார் (கலிங்கு என்பது கண்மாயின் உபரிநீர் வழிந்தோடும் அமைப்பு). அதன்பின் அவருக்கு நான் தேவைப்படவில்லை.

எம்.ஏ.வுடன் பி.எட். முடித்துப் பள்ளிக்குப் போகிறவர்களுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. பாடநூலில் உள்ள ஒரு வரி எந்தச் சான்றிலிருந்து வந்தது என்று மேல்நிலை வகுப்பில் விளக்கப் போகிறவர்களும் அவர்கள்தாமே.

ஆகவே, தலைப்பை இரண்டாம் பருவ முடிவிலேயே உறுதிசெய்து, கோடை விடுமுறையில் இரண்டு வாரமேனும் ஆவணக் காப்பகத்திலோ, இடைக்காலத் தலைப்பானால் கல்வெட்டுகள் உள்ள கோயில்களிலோ பணிபுரிவதைக் கட்டாயமாக்கி, அதற்குரிய மதிப்பெண்ணை ஆய்வேட்டிலேயே சேர்க்குமாறு பல்கலைக்கழகப் பாடத்திட்டக் குழுக்களைக் கேட்டுக்கொள்கிறேன். தொலைநிலைக் கல்வியில் பயில்வோருக்கும் இது பொருந்த வேண்டும். கன்னியாகுமரியிலிருந்து வரும் மாணவர் சென்னையில் இரண்டு வாரம் தங்கிப் படிக்கப் பயணச் செலவும் விடுதி இடமும் வேண்டும். அவற்றுக்கு உயர்கல்வித் துறை தனி நிதி ஒதுக்கினால், வரும் கல்வியாண்டிலேயே இதைத் தொடங்கிவிடலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்றுப் பேராசிரியர்,
திருநெல்வேலி.