ஸ்பைக்–துருசில்லா இதழ்கள்: முதல் பாகம் விடுபடவில்லை

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவிலிருந்து வந்த பழைய காமிக்ஸ் பெட்டியில் கிடைத்த, ஸ்பைக்–துருசில்லா என்ற ரத்தக் காட்டேரி ஜோடியின் மூன்று இதழ்களைப் போன மாதம் முன்பதிவு செய்தவர்களுக்கெல்லாம் கூரியரில் அனுப்பிவிட்டோம். பார்சல் போய்ச் சேர்ந்த மறுநாளே போன் அடிக்க ஆரம்பித்தது. "அக்கா, முதல் பாகத்தை வைக்க மறந்துட்டீங்க" என்று நான்கு பேர். "இவங்க ரெண்டு பேரும் யாருன்னே சொல்லாம கதை கிளம்புது, முன்பக்கம் கிழிஞ்ச புக்கா?" என்று ஒருவர். இன்னொருவர் ஒரே கதையை இரண்டு தடவை காசு கொடுத்து வாங்கியிருக்கிறார். அது என் தப்பு, கடைசியில் சொல்கிறேன். பதில் சொல்லிச் சொல்லித் தம்பிக்குத் தொண்டை கட்டிக்கொண்டதால் எல்லோருக்கும் சேர்த்து ஒரே மடலாக எழுதிவிடுகிறேன்.

முதலில் பதில். எதுவும் கிழியவில்லை, எந்தப் பாகமும் விடுபடவில்லை. மூன்று இதழ்களும் நாம் 'ஒன்-ஷாட்' என்று சொல்லும் ரகம். ஒவ்வொன்றும் தனிக் கதை, அந்தந்த இதழிலேயே முடிந்துவிடும். 'தொடரும்' கிடையாது. ஆனால் இந்த இருவரையும் வாசகருக்கு ஏற்கெனவே தெரியும் என்ற நினைப்பில் எழுதியவை. ஏனென்றால் இவர்கள் காகிதத்தில் பிறந்தவர்கள் இல்லை, டிவியில் பிறந்தவர்கள்.

'பஃபி த வாம்பயர் ஸ்லேயர்' தொடர் அமெரிக்காவில் 1997 மார்ச்சில் ஆரம்பித்தது. சன்னிடேல் என்ற கற்பனை ஊரில் பள்ளிக்கூடம் போகிற பஃபி என்ற பெண். ராத்திரியானால் ரத்தக் காட்டேரிகளை வேட்டையாடுவதுதான் அவள் தலையில் எழுதிய வேலை. முதல் சீசனின் பெரிய வில்லன் பழைய பாணி ஆள். பாதாளம், மந்திரம், தீர்க்கதரிசனம் என்று ஏகப்பட்ட சடங்கு. அதே வருஷம் செப்டம்பர் 29ஆம் தேதி, இரண்டாவது சீசனின் மூன்றாவது அத்தியாயத்தில், ஊர் எல்லையில் நிற்கும் 'நல்வரவு' பலகையை இடித்துத் தள்ளிக்கொண்டு ஒரு கார் உள்ளே வருகிறது. இறங்குகிறவன் ஸ்பைக். வெளுத்த தலைமுடி, கறுப்புத் தோல் கோட்டு, வாயில் சிகரெட்டு. கூட வந்தவள் துருசில்லா. அவளுக்கு உடம்பு முடியவில்லை, புத்தியும் ஒரு நிலையில் இல்லை, கையில் ஒரு பொம்மை. பொம்மைக்கு மிஸ் எடித் என்று பெயர் வைத்து அதைத் திட்டுவாள், தண்டனை கொடுப்பாள். இவனோ ஊரையே கொல்லத் துணிந்தவன், இவளுக்குக் குளிர்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருப்பான். அதுவரை காட்டேரி என்றால் பயந்தவர்கள், இந்த இருவரை ரசிக்க ஆரம்பித்தார்கள்.

ஸ்பைக்காக நடித்தவர் ஜேம்ஸ் மார்ஸ்டர்ஸ். லண்டன் பேச்சை அப்படியே பேசுவார், ஆனால் ஆள் கலிஃபோர்னியாக்காரர். துருசில்லாவாக ஜூலியட் லாண்டோ. இவருடைய அப்பா மார்ட்டின் லாண்டோ, 1931இல் திரையில் டிராகுலாவாக நடித்த பேலா லுகோசியின் வேடத்தைப் போட்டு ஆஸ்கர் வாங்கியவர். 1994இல் வந்த அந்தப் படத்தில் மகளும் ஒரு வேடத்தில் வருகிறார். காட்டேரி அந்தக் குடும்பத்தைத் தேடித்தான் வந்திருக்கும் போல!

டிவியில் ஒரு ஜோடி பிடித்துப்போனால் அவர்களுடைய பழைய கதையைக் கேட்கத்தான் தோன்றும். ஸ்பைக் காட்டேரியானது 1880இல், லண்டனில். கடித்தது துருசில்லாவே. அப்படியென்றால் நூற்றுச் சொச்ச வருஷம் இருவரும் சேர்ந்து ஊர் ஊராகச் சுற்றியிருக்கிறார்கள். அதையெல்லாம் டிவியில் காட்ட வேண்டுமென்றால் ஒவ்வொரு காலத்துக்கும் செட்டு, உடை, கூட்டம் என்று பணம் கரையும். காமிக்ஸுக்கு மை இருந்தால் போதும். ஆரிகன் மாநிலத்தில் இருக்கும் டார்க் ஹார்ஸ் நிறுவனம் 1998இலேயே பஃபியின் மாத இதழைத் தொடங்கியிருந்தது. அதன் கிளையாகத்தான் இந்த ஜோடிக்கென்று தனி இதழ்கள் வந்தன.

முதல் இதழ் 'பெயின்ட் த டவுன் ரெட்', 1999 மே. எழுதியவர்கள் இருவர்: நாவலாசிரியர் கிறிஸ்டோஃபர் கோல்டன், கூடவே நம்ம ஜேம்ஸ் மார்ஸ்டர்ஸ். பாத்திரத்தில் நடிக்கிறவரே அந்தப் பாத்திரத்துக்குக் காமிக்ஸ் எழுதுவது அடிக்கடி நடக்கிற காரியம் இல்லை. ஸ்பைக்கின் வசனம் இதில் தனியாக வாய்க்கு ருசிக்கிறது என்றால் காரணம் அதுதான் என்பது என் எண்ணம். இரண்டாவது 'த குவீன் ஆஃப் ஹார்ட்ஸ்', 1999 அக்டோபர். இந்த இரண்டுக்கும் ஓவியம் ரயன் சூக். பக்கத்தில் பாதி கறுப்பாக நிற்கும், முகம் மட்டும் வெளிச்சத்துக்கு வரும். "அச்சில் மை கூடிப்போச்சா?" என்று கேட்ட அண்ணனுக்கு: இல்லை அண்ணே, வரைந்ததே அப்படித்தான். மூன்றாவது 'ஆல்'ஸ் ஃபேர்', 2000 டிசம்பர். ஓவியம் எரிக் பவல். பிற்பாடு 'த கூன்' என்ற சொந்தப் படைப்பால் பெரிய பெயர் எடுத்தவர். இரண்டாவது, மூன்றாவது கதைகள் கோல்டன் தனியாக எழுதியவை.

குழப்பத்தின் வேர் இனிமேல்தான். இதழ்கள் வெளிவந்த வரிசை, கதை நடக்கிற காலத்துக்கு அப்படியே தலைகீழ்! கடைசியாக வந்த 'ஆல்'ஸ் ஃபேர்' நடப்பது 1933இல். நடுவில் வந்த 'குவீன் ஆஃப் ஹார்ட்ஸ்', ஜோடி சன்னிடேலுக்கு வரும் வழியில், அந்தப் பலகையை இடிப்பதற்கு முன்னால். முதலில் வந்த 'பெயின்ட் த டவுன் ரெட்', இரண்டாம் சீசன் முடிந்து இருவரும் ஊரை விட்டுப் போன பிறகு. அதில் இருவரும் ஒருவர் கழுத்தை ஒருவர் பிடிக்கிற அளவுக்கு விரோதம். ஆக, முதல் இதழைப் பிரித்தவுடனே சண்டை! காதலையே பார்க்காத வாசகர் முன்பக்கம் கிழிந்ததா என்று கேட்காமல் வேறு என்ன கேட்பார்? இதை அனுப்பும்போதே ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை.

டிவி தொடரைப் பார்க்காதவர்கள் 1933 கதையிலிருந்து ஆரம்பியுங்கள். முன்கதை தெரிய வேண்டியதில்லை, மூன்றில் எனக்கு அதிகம் பிடித்ததும் அதுதான். அந்த வருஷம் சிகாகோவில் உலகப் பொருட்காட்சி நடந்தது. ஃபேர் என்றால் பொருட்காட்சி. காதலிலும் போரிலும் எல்லாம் நியாயமே என்கிற ஆங்கிலப் பழமொழியின் பாதியும் அந்தத் தலைப்பில் ஒளிந்திருக்கிறது. பொருட்காட்சியின் பெயர் 'முன்னேற்றத்தின் நூற்றாண்டு'. ஊர் பொருளாதார மந்தத்தில் மூழ்கிக் கிடந்த நேரத்தில் கலர் கலராகக் கட்டடம் எழுப்பினார்கள். 1933 மே 27ஆம் தேதி தொடங்கிய அந்தக் கண்காட்சியின் விளக்குகளை ஏற்றியது எது தெரியுமா? சுவாதி நட்சத்திரத்தின் ஒளி. தொலைநோக்கி வழியாக அதைப் பிடித்து, ஒளிமின்கலத்தில் விழவைத்து, அதில் வந்த மின்சாரத்தால் விசையைத் தட்டினார்கள். அந்த ஒளி 1893இல், சிகாகோவில் முந்தைய உலகப் பொருட்காட்சி நடந்த வருஷத்தில், கிளம்பியது என்பது அன்றைய கணக்கு. (இன்றைய கணக்கில் சுவாதி சுமார் 37 ஒளியாண்டு தூரம், மூன்று வருஷம் பிசகிவிட்டது.) அந்த ஒளி கிளம்பியபோது ஸ்பைக் காட்டேரியாகிப் பதின்மூன்று வருஷம் ஆகியிருந்தது. அது வந்து சேர்ந்தபோதும் அவனுக்கு வயது கூடவில்லை. இந்த ஜோடியைக் கொண்டுபோய் நிறுத்த இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தோன்றவில்லை.

கதையின் முடிச்சு சீனாவில் விழுகிறது. 1900இல், அங்கே வெளிநாட்டாரை எதிர்த்து வெடித்த பாக்ஸர் கிளர்ச்சியின் நடுவே, ஸ்பைக் அந்தக் காலத்து வேட்டைக்காரியை, அதாவது பஃபியின் வேலையை அன்று செய்துகொண்டிருந்த பெண்ணை, கொன்றான். முப்பத்து மூன்று வருஷம் கழித்து அவள் குடும்பத்தார் பழிவாங்கச் சிகாகோவுக்கு வருகிறார்கள். இதை டிவியோடு சேர்த்துப் படித்தால் இன்னும் கனக்கும். 2000 நவம்பரில், இந்த இதழ் வருவதற்கு முந்தைய மாதம், அந்தக் கொலையை ஒரு அத்தியாயத்தில் காட்டினார்கள். சாகப்போகிற பெண் சீன மொழியில் சொல்கிறாள்: அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். ஸ்பைக், எனக்குச் சீன மொழி தெரியாதே என்று சிரித்துவிட்டுக் கொல்கிறான். சேதி போய்ச் சேரவில்லை. அடுத்த மாதமே கடைக்கு வந்த காமிக்ஸில் அவள் வீட்டுக்காரர்கள் வந்து நிற்கிறார்கள். வேண்டுமென்றே பொருத்தினார்களோ, தானாகப் பொருந்தியதோ, எனக்குத் தொண்டை அடைத்தது.

'குவீன் ஆஃப் ஹார்ட்ஸ்' கொஞ்சம் விளையாட்டுக் கதை. செயின்ட் லூயிஸ் நகரில், மிசிசிப்பி ஆற்றில் மிதக்கும் சூதாட்டக் கப்பல். ஏன் கப்பலில் என்றால், மிசௌரி மாநிலச் சட்டம் சூதாட்ட விடுதிகளை ஆற்றோடு சேர்த்துத்தான் அனுமதிக்கிறது. ஓடுகிற தண்ணீரைக் காட்டேரி சுலபத்தில் தாண்டாது என்பது ஐரோப்பிய நம்பிக்கை; இந்த இரண்டும் அதையெல்லாம் மதிக்கிற ரகம் இல்லை. 'பெயின்ட் த டவுன் ரெட்' கதையை நான் சொல்ல மாட்டேன். பிணத்தை எழுப்புகிற மந்திரவாதி ஒருவன் வருகிறான், அவ்வளவுதான்.

தனித்தனி இதழா, தொகுப்பா என்று கேட்டவர்களுக்கு: மூன்று கதைகளும் சேர்ந்த புத்தகம் 2001இல் வந்தது. படிப்பதற்கு மட்டும் என்றால் அதுவே போதும், பத்திரமாகவும் இருக்கும். பிற்காலத்தில் கனத்த 'ஆம்னிபஸ்' தொகுதிகள் வந்தபோது கதை நடக்கும் கால வரிசையில் அடுக்கினார்கள். அதனால் 1933 கதை முதல் தொகுதியிலேயே இருக்கிறது. தனி இதழ்களின் மதிப்பு அவற்றின் அட்டையில், அந்தக் கால விளம்பரங்களில். இருபத்தைந்து வருஷக் காகிதம் என்பதால் ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்திருக்கலாம், ஓரம் மடங்கியிருக்கலாம். அதை மறைக்காமல் படம் எடுத்து அனுப்பிய பிறகே காசு வாங்குகிறோம்.

இப்போது என் தப்புகள். பஃபி மாத இதழில் ஒரே கதைக்கு இரண்டு அட்டை போடுவது வழக்கம்: ஒன்றில் ஓவியம், மற்றதில் நடிகர்களின் புகைப்படம். உள்ளே ஒரு வரிகூட மாறாது. நான் பட்டியலில் இரண்டையும் தனித்தனிக் கதை போலப் போட்டுவிட்டேன். அதை நம்பி இரண்டும் வாங்கியவர் ஒன்றைத் திருப்பி அனுப்பலாம். முழுப் பணமும், கூரியர் செலவும் எங்களுடையது. இரண்டையும் வைத்துக்கொள்கிற சேகரிப்பாளர் என்றால் சந்தோஷம்.

இன்னொன்று. ஸ்பைக்–துருசில்லாவைப் பட்டியலில் "காதல் ஜோடி" என்று எழுதியிருந்தேன். அதைப் பார்த்து ஏழாவது படிக்கும் மகளுக்கு ஒரு அப்பா வாங்கிவிட்டார். பொய் இல்லை, காதல் ஜோடிதான்; ஆனால் சாயங்காலம் வெளியே போனால் ஊரில் நாலு பேர் குறைவார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு உகந்தது இல்லை. அந்த அப்பாவுக்கு வேறு புத்தகம் மாற்றிக் கொடுத்தாயிற்று. அவர் மட்டும் தனக்கென்று 'ஆல்'ஸ் ஃபேர்' இதழை வைத்துக்கொண்டார்.

மாற்ற விரும்புகிறவர்கள் இந்த மாதக் கடைசிக்குள் கடைக்குச் சேதி அனுப்புங்கள். ஞாயிறு தவிர எல்லா நாளும் மாலை ஏழு வரை இருப்போம். பெட்டியில் இன்னும் 'குவீன் ஆஃப் ஹார்ட்ஸ்' இரண்டு பிரதி மிச்சம். ஒன்றின் பின்னட்டையில் யாரோ பேனாவால் கணக்குப் போட்டிருக்கிறார்கள், அதற்கு விலை குறைவு.

அன்புடன்,
கடையிலிருந்து, அக்காவும் தம்பியும்