ஆட்டோபைலட் வாங்கும் முன் வயர்லெஸைச் சரிசெய்யுங்கள்: தூத்தூர் வட்டார ஆழ்கடல் விசைப்படகு உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சங்கப் பொறுப்பாளர்களுக்கும், குமரி மாவட்டத்தில் நீரோடி முதல் இரயுமன்துறை வரையுள்ள எட்டு ஊர்களின் விசைப்படகு உரிமையாளர்களுக்கும், அப்படகுகளை ஓட்டி நடத்தும் ஸ்ராங்குகளுக்கும் வணக்கம்.

மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டது. ஜூலை 31 வரை படகுகள் துறைமுகத்திலும் யார்டிலும் நிற்கும். எஞ்சினைப் பிரித்துப் பார்ப்பது, பெயின்ட் அடிப்பது, புதிய கருவிகளை வாங்கிப் பொருத்துவது எல்லாம் இந்த இரண்டு மாதங்களில்தான் நடக்கின்றன. படகுகளில் வயர்லெஸ், ஜிபிஎஸ், எக்கோ சவுண்டர் பொருத்துவதைத் தொழிலாகக் கொண்ட என்னிடம் இந்த முறை பலரும், கொடுத்த திசையில் படகைத் தானாகச் செலுத்தும் ஆட்டோபைலட்டைப் பற்றியே விசாரிக்கிறார்கள். இரண்டு மூன்று நாள் ஓடித்தான் மீன் கிடைக்கும் இடத்தை அடைய வேண்டும் என்ற நிலையில், ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே நிற்கும் ஸ்ராங்குக்கு அது பெரிய துணை என்பதிலும், நேர்கோட்டில் ஓடுவதால் டீசல் மிச்சமாகும் என்பதிலும் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அதற்கு முன்பணம் கொடுப்பதற்கு முன், உங்கள் படகில் ஏற்கெனவே இருக்கும் வயர்லெஸ் உண்மையில் வேலை செய்கிறதா என்பதைச் சோதித்து, தேவையானால் முதல் செலவை அதற்கே செய்யுங்கள் என்று கேட்டுக்கொள்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது, ஆழ்கடலில் இருந்த நம் படகுகளுக்குக் கரையிலிருந்து செய்தி சேர வழியில்லாமல் போனதை இந்த எட்டு ஊர்களில் எவருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. அதன் பிறகு செயற்கைக்கோள் வழியாக எச்சரிக்கை பெறும் கருவிகள் வந்தன. இஸ்ரோ உருவாக்கிய தொழில்நுட்பத்தில் ஒரு லட்சம் மீன்பிடிப் படகுகளுக்கு, செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பவும் பெறவும் உதவும் டிரான்ஸ்பாண்டர் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்ட் 30 அன்று தொடங்கிவைக்கப்பட்டது. இவை மிகவும் தேவையானவை. ஆயினும், டிரான்ஸ்பாண்டர் இருக்கும்போது படகுக்குப் படகு பேசும் பழைய விஎச்எஃப் வயர்லெஸ் எதற்கு என்ற எண்ணம் சிலரிடம் பரவி வருவது எனக்குக் கவலையளிக்கிறது. செயற்கைக்கோள் கருவி உங்கள் ஆபத்தைக் கரையில் இருப்பவருக்குச் சொல்கிறது. பத்து மைலுக்குள் வலை போட்டிருக்கும் பக்கத்துப் படகுக்கும், அவ்வழியே போகும் சரக்குக் கப்பலுக்கும் அதை உடனே சொல்லக்கூடியது விஎச்எஃப்தான். நடுக்கடலில் முதலில் வந்து சேரக்கூடியவர்கள் அவர்களே.

விஎச்எஃப் வாங்கும்போது பெரும்பாலோர் முதலில் கேட்பது எத்தனை வாட் என்பதைத்தான். கடல்சார் விஎச்எஃப்-க்கு 25 வாட்டே மேல் வரம்பு. அதைவிடக் கூடுதல் என்று சொல்லி விற்கப்படும் செட்டை வாங்குவதால் தூரம் கூடுவதில்லை, சட்டச் சிக்கல்தான் கூடும். இந்த அலைகள் ஏறத்தாழ நேர்கோட்டில் செல்பவை என்பதால் தூரத்தை முடிவு செய்வது ஆன்டெனாவின் உயரம். நீர்மட்டத்துக்கு மேல் ஆன்டெனா எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கிறதோ, அந்த எண்ணின் வர்க்கமூலத்தை 2.25-ஆல் பெருக்கினால் எட்டும் தொலைவு கடல் மைல் கணக்கில் ஏறத்தாழக் கிடைக்கும்; பேசும் இரு பக்கத்துக்கும் தனித்தனியே கணக்கிட்டுக் கூட்டிக்கொள்ள வேண்டும். இரண்டு படகுகளிலும் ஆன்டெனா 4 மீட்டரில் இருந்தால் 9 கடல் மைல். அதே செட்டுகளோடு இரண்டையும் 9 மீட்டருக்கு உயர்த்தினால் 13.5 கடல் மைல். புதிய செட்டுக்குச் செலவழிக்க நினைக்கும் பணத்தில் ஒரு சிறு பங்கை நல்ல கம்பத்துக்குச் செலவழித்தாலே இந்தப் பலன் கிடைத்துவிடும்.

ஆன்டெனாவின் மேல் அட்டையில் 3 டிபி, 6 டிபி, 9 டிபி என்று எழுதியிருப்பார்கள். எண் பெரிதாக ஆக அலை தட்டையாகக் குவிகிறது. அது அசையாத கோபுரத்துக்கு நல்லது, அலையில் இடமும் வலமும் உருளும் படகுக்கு நல்லதல்ல. படகு சாயும் ஒவ்வொரு முறையும் ஒரு பக்கம் வானத்தையும் மறுபக்கம் தண்ணீரையும் நோக்கியே அலை போகும். நம் படகுகளுக்கு 3 அல்லது 6 டிபி போதும்.

அடுத்தது கேபிள். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் மெல்லிய ஆர்ஜி-58 கேபிளை 15 மீட்டர் இழுத்தால், செட்டிலிருந்து புறப்படும் சக்தியில் ஏறத்தாழப் பாதி ஆன்டெனாவைச் சேரும் முன்பே கேபிளுக்குள் வீணாகிவிடுகிறது. தடிமனான ஆர்ஜி-213 போட்டால் அந்த இழப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறையும். இதைவிட மோசமானது இணைப்பு முனை. கம்பத்தின் அடியில் சாதாரண இன்சுலேஷன் டேப் சுற்றியிருக்கும் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். நடுக்கம்பி பச்சை பூத்திருக்கும். வெளிப்பின்னல் கறுத்து, விரலால் தொட்டாலே பொடியாக உதிரும். உப்புநீர் அந்த வழியே கேபிளுக்குள் இறங்கி, சில நேரம் ஒரு மீட்டர் நீளத்துக்கும் மேல் செம்பைத் தின்றிருக்கும். செட்டில் விளக்கு எரிகிறது, அருகில் நிற்கும் படகுக்குக் குரல் கேட்கிறது என்பதால் எல்லாம் சரியாக இருப்பதாக நம்பிக் கடலுக்குப் போகிறார்கள். ஆன்டெனாவிலிருந்து திரும்பி வரும் சக்தியைக் காட்டும் எஸ்டபிள்யூஆர் மீட்டர் ஒன்றை இடையில் பொருத்தினால் சில நிமிடங்களில் உண்மை தெரிந்துவிடும். அளவு 2-க்கு மேல் காட்டினால் கேபிளையும் முனையையும் மாற்றியே ஆக வேண்டும்.

பேட்டரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 25 வாட்டில் பேசும்போது செட் ஐந்து, ஆறு ஆம்பியர் இழுக்கும். மெல்லிய வயரில் நீண்ட தூரம் இணைத்திருந்தால் மைக்கை அழுத்தியதும் வோல்ட் இறங்கி, குரல் கரகரத்து, சில செட்டுகள் அணைந்தே போகும். அதைவிட முக்கியம், வயர்லெஸுக்கான பேட்டரி எஞ்சின் அறையின் தரையில் இருக்கக்கூடாது. படகுக்குள் தண்ணீர் ஏறும்போது முதலில் மூழ்குவது அந்த இடம்; உதவி கேட்க வேண்டிய அதே நிமிடத்தில் செட் செத்துப்போகும். கேபினில் உயரமான இடத்தில், வயர்லெஸுக்கு மட்டும் ஒரு தனி பேட்டரி வையுங்கள்.

புதிய செட் வாங்குவதாக இருந்தால் ஆபத்து அழைப்பைத் தானாக அனுப்பும் டிஎஸ்சி வசதியுள்ள கிளாஸ்-டி வகையை வாங்குங்கள். அதில் மூடி போட்ட சிவப்பு பட்டன் ஒன்று இருக்கும். மூடியைத் திறந்து சில நொடிகள் அழுத்திப் பிடித்தால், படகின் அடையாள எண்ணும் அது நிற்கும் இடமும் 70-ஆம் சேனலில் தானாகப் போகும். எட்டும் தொலைவில் உள்ள ஒவ்வொரு சரக்குக் கப்பலின் செலுத்தும் அறையிலும் அலாரம் ஒலிக்கும். அந்தக் கப்பல்கள் 70-ஆம் சேனலை இடைவிடாமல் கவனித்திருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. ஆபத்தைப் பேசிச் சொல்லும் 16-ஆம் சேனலில் யாராவது கேட்டுக்கொண்டிருப்பார்களா, நம் மொழி அவர்களுக்குப் புரியுமா என்று காத்திருக்க வேண்டியதில்லை. மொழி தெரியாத கப்பல்களுக்கு நடுவே தொழில் செய்யும் நமக்கு இதைவிடப் பயனுள்ள வசதி வேறு இல்லை என்றே நினைக்கிறேன்.

ஆனால் நான் ஏறிப் பார்க்கும் படகுகளில் பல செட்டுகளின் திரையில் ஜிபிஎஸ் இணைக்கப்படவில்லை என்ற குறிப்பு நிரந்தரமாக நிற்கிறது. எம்எம்எஸ்ஐ எனப்படும், படகை அடையாளம் காட்டும் ஒன்பது இலக்க எண்ணைப் பதிந்தே இருக்க மாட்டார்கள். எண் பதியாத செட்டில் சிவப்பு பட்டனை அழுத்தினால் எதுவும் போகாது. ஜிபிஎஸ் இணைக்காத செட்டில் அழைப்பு போகும், இடம் போகாது. விற்றவர் பெட்டியைப் பிரித்து, பவர் கொடுத்து, 16-ஆம் சேனலில் ஒரு வார்த்தை பேசிக் காட்டிவிட்டுப் பணத்தை வாங்கிச் சென்றிருப்பார். ஜிபிஎஸ்ஸிலிருந்து வரும் இரண்டு வயர்களை இணைப்பது ஒரு மணி நேர வேலை. ஜிபிஎஸ் உள்ளேயே அமைந்த செட்டுகளும் இப்போது கிடைக்கின்றன. எண்ணை உரிய அரசு அலுவலகத்தின் வழியாகத்தான் பெற வேண்டும். இந்தியாவுக்குரிய எண் 419 என்று தொடங்கும். பழைய படகை வாங்கும்போது பழைய உரிமையாளரின் பெயரிலேயே அந்த எண் கிடந்தால், ஆபத்து நேரத்தில் கடலோரக் காவல்படை வேறொருவரின் வீட்டுக்குத்தான் தொலைபேசியில் பேசும். ஒருமுறைக்கு மேல் எண்ணை மாற்ற விடாத செட்டுகள் உண்டு என்பதால், பதியும்போதே சரியாகப் பதியுங்கள்.

ஏஐஎஸ் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெரிய கப்பலின் திரையில் உங்கள் படகைக் காட்டுவது அதுதான். சிறு படகுகளுக்கான கிளாஸ்-பி வகையில் 2 வாட், 5 வாட் என இருவகை உண்டு. கப்பல் தடத்தைக் குறுக்கே கடந்து தொழிலுக்குப் போகும் படகுக்கு 5 வாட் வகையே ஏற்றது.

இனி ஆட்டோபைலட். அதன் திரையைப் பார்த்து எவரும் முடிவு செய்ய வேண்டாம். சுக்கானைத் திருப்புவது பம்ப். அது உங்கள் ஸ்டியரிங் சிலிண்டரின் கொள்ளளவுக்குப் பொருந்த வேண்டும். சுக்கானை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குத் திருப்ப சிலிண்டருக்கு 300 சிசி எண்ணெய் தேவை என்று வைத்துக்கொள்வோம். அதை 15 நொடிக்குள் முடிக்க நிமிடத்துக்கு 1.2 லிட்டர் தள்ளும் பம்ப் வேண்டும். அதைவிடச் சிறியது போட்டால் பின்னாலிருந்து அலை தள்ளும்போது சுக்கான் எப்போதும் ஒரு படி தாமதித்துத் திரும்பும். படகு பாம்பாக நெளிந்து ஓடும். மிச்சமாகும் என்று சொன்ன டீசல் கூடுதலாகச் செலவாகும். சிலிண்டரின் அளவைக் கேட்காமலே விலை சொல்லும் வியாபாரியிடம் வாங்காதீர்கள். சங்கிலியும் கம்பியும் உள்ள பழைய ஸ்டியரிங் என்றால், முதலில் அதை ஹைட்ராலிக்காக மாற்றும் செலவையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

ஆட்டோபைலட்டுக்குத் திசை சொல்லும் காம்பஸ், காந்தத்தை நம்பியிருக்கிறது. வயர்லெஸின் வெளி ஸ்பீக்கரில் வலுவான காந்தம் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பொருத்தினால் திசை தவறும். இரும்புப் படகுகளில் இந்தச் சிக்கல் இன்னும் பெரிது. அவற்றுக்கு, விலை கூடுதலானாலும், ஜிபிஎஸ் ஆன்டெனாக்களைக் கொண்டு திசை காணும் சாட்டிலைட் காம்பஸையே பரிந்துரைக்கிறேன். வயர்லெஸை முதலில் சரிசெய்யச் சொல்வதற்கு இங்கே இன்னொரு காரணமும் இருக்கிறது. மைக்கை அழுத்தும்போது வெளியேறும் ரேடியோ சக்தி ஆட்டோபைலட்டின் வயர்களில் புகுந்தால், சுக்கான் தானே ஒரு பக்கம் திரும்பிவிடும். மோசமான கனெக்டரும் கேபினைச் சுற்றிக் கிடக்கும் கேபிளும் இதை அதிகப்படுத்தும். விஎச்எஃப் செட், அதன் கேபிள், ஆன்டெனா ஆகியவற்றிலிருந்து குறைந்தது ஒரு மீட்டர், நீண்டதூர எஸ்எஸ்பி செட்டிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி ஆட்டோபைலட் பாகங்கள் இருக்க வேண்டும். பொருத்தி முடித்ததும், படகை ஆட்டோபைலட்டில் ஓடவிட்டு, முழு வாட்டில் மைக்கை அழுத்திப் பார்க்காமல் வேலையை ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

பொருத்துவதைக் காட்டிலும் எனக்கு அச்சம் தருவது அதைப் பயன்படுத்தும் விதம். ஆட்டோபைலட் கொடுத்த திசையில் போகும். எதிரே கப்பல் வருவதை அது அறியாது. 2018 ஆகஸ்ட் 7 அன்று கேரளத்தின் முனம்பத்துக்கு அப்பால் குமரி மாவட்டத் தொழிலாளர்கள் இருந்த படகு கப்பல் மோதி உடைந்ததும், 2021 ஏப்ரலில் மங்களூருக்கு அப்பால் தமிழ்நாட்டையும் மேற்கு வங்கத்தையும் சேர்ந்தவர்கள் இருந்த படகு கப்பலோடு மோதியதும் நம் நினைவில் இருக்கின்றன. அவ்விபத்துகளுக்கு ஆட்டோபைலட்டைக் காரணமாகச் சொல்லவில்லை. தென்மேற்குக் கடலில் 2020 ஆகஸ்ட் 1 முதல் சரக்குக் கப்பல்களுக்குத் தனித் தடம் வகுக்கப்பட்ட பிறகும், அந்தத் தடத்தைக் கடக்காமல் நாம் தொழிலுக்குப் போக முடியாது. எந்நேரமும் கண்ணாலும் காதாலும் கவனித்திருக்க வேண்டும் என்று கடல் மோதல் தடுப்பு விதிகளின் 5-ஆம் விதி எல்லாக் கலங்களுக்கும் சொல்வது படகுக்கும் பொருந்தும். ஆகவே ஆட்டோபைலட் வாங்குவோர், சில நிமிடத்துக்கு ஒருமுறை பட்டனை அழுத்தாவிட்டால் தொழிலாளர்கள் படுக்கும் இடம்வரை ஒலிக்கும் காவல் அலாரத்தையும் சேர்த்தே வாங்க வேண்டும். அதற்குப் பணம் இல்லை என்றால் ஆட்டோபைலட்டை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைப்பதே சரி.

சங்கங்களிடம் நான் கேட்பது இதுதான். தடைக்காலம் முடிவதற்குள் ஒவ்வொரு படகிலும் ஆன்டெனா, கேபிள், பேட்டரி ஆகியவற்றை மீட்டர் வைத்துச் சோதிக்க ஏற்பாடு செய்யுங்கள்; தேங்காய்பட்டணத்தில் நிற்கும் படகுகளை நானும் என்னோடு வேலை செய்வோரும் கூலி வாங்காமல் பார்த்துத் தருகிறோம், கொச்சி தோப்பும்படியில் நிற்பவற்றுக்கு அங்குள்ளவர்களைக் கேளுங்கள். படகின் பெயர், பதிவு எண், எம்எம்எஸ்ஐ எண், அபாயக் கருவிகளின் எண், வீட்டுத் தொலைபேசி ஆகியவற்றைச் சங்கத்தில் ஒரே பதிவேட்டில் எழுதி, படகு கைமாறும்போதெல்லாம் திருத்துங்கள். கருவி விற்பவர் கடலில் ஓட்டிக் காட்டி, இன்னொரு படகுக்கு டிஎஸ்சி சோதனை அழைப்பு அனுப்பிக் காட்டிய பிறகே மீதிப் பணம் கொடுப்பது என்று எல்லாச் சங்கங்களும் சேர்ந்து முடிவெடுத்தால், தனித்தனியே கேட்டு நடக்காதது தானாக நடக்கும். சிவப்பு பட்டனைச் சோதனைக்காக அழுத்தக்கூடாது என்பதையும், தவறி அழுத்திவிட்டால் உடனே 16-ஆம் சேனலில் சொல்லி ரத்து செய்ய வேண்டும் என்பதையும், ஆட்டோபைலட்டை நிறுத்திக் கைக்கு மாற்றும் ஸ்டாண்ட்பை பட்டன் எது என்பதையும் ஸ்ராங்கு மட்டுமல்லாமல் படகில் இருக்கும் எல்லோரும் தெரிந்திருக்க வேண்டும். நம் படகுகளில் வங்காளத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து வேலை செய்வோர் இருப்பதால், செட்டின் பக்கத்தில் அவர்கள் மொழியிலும் எழுதி ஒட்டுங்கள். ஜூலை இரண்டாம் வாரத்துக்குள் நாள் குறித்துச் சொன்னால், ஒரு செட்டையும் ஒரு ஆட்டோபைலட்டையும் கொண்டுவந்து ஊர்தோறும் இயக்கிக் காட்ட ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தேங்காய்பட்டணம் துறைமுகத்தில் படகுக் கருவிகள் பொருத்தும் தொழிலாளி